மீண்டும் உயிர் வருவதை மொழிகள் எப்படிச் சொல்கின்றன?

நின்றுபோன இதயத்தை, நெஞ்சை அழுத்தி மறுபடி ஓட வைக்கும் முதலுதவிக்கு எபிரேய மொழியில் 'ஹஹ்யாஆ' என்று பெயர். இறந்தவர்கள் ஒருநாள் எழுவார்கள் என்ற யூதர்களின் நம்பிக்கைக்கு 'தெஹியத் ஹமேத்தீம்' என்று பெயர். அந்த எபிரேய மொழியே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக யாருக்கும் தாய்மொழியாக இல்லாமல் இருந்தது. வழிபாட்டிலும் ஏட்டிலும் மட்டும் வாழ்ந்த அது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மறுபடி வீட்டுப் பேச்சானது. அந்த நிகழ்வை 'தெஹியத் ஹலஷோன்' என்கிறார்கள். மூன்று சொற்களுக்கும் வேர் ஒன்றுதான். 'ஹய்' என்றால் உயிரோடு இருத்தல்.

தமிழில் இதே மூன்றையும் சொல்லிப் பாருங்கள். முதலாவதற்கு 'சி.பி.ஆர்.' என்போம், எழுத்தில் 'இதய நுரையீரல் மீட்பு' என்போம். இரண்டாவது உயிர்த்தெழுதல். மூன்றாவதற்கு மறுமலர்ச்சி, மீட்பு, புத்துயிர் என்று ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறோம். எபிரேயம் ஒரே வேரில் சொல்வதைத் தமிழ் மூன்று நான்கு வெவ்வேறு காட்சிகளாகப் பிரித்துச் சொல்கிறது. எது சிறந்தது என்று பார்ப்பது இங்கே வேலை இல்லை. ஒவ்வொரு மொழியும் உயிர் திரும்புவதை எந்தக் காட்சியாகக் கண்டது என்று பார்ப்பதுதான் சுவையான வேலை.

இந்த வகைச் சொல் எந்த மொழியில் எதிர்ப்பட்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். இந்தச் சொல் உயிரை எதுவாகப் பார்க்கிறது? மூச்சாகவா, நிமிர்ந்து நிற்பதாகவா, விழிப்பாகவா, ஓர் இடமாகவா? அடுத்து, 'மறுபடி' என்ற பொருள் சொல்லுக்குள் இருக்கிறதா? கடைசியாக, உயிரைக் கொண்டுவருவது யார் என்று சொல் சொல்கிறதா? மூன்றாவது கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

மூச்சு

தமிழில் 'உயிர்த்தல்' என்றால் முதலில் மூச்சுவிடுதல். 'நெட்டுயிர்ப்பு' பெருமூச்சு. பிள்ளை பெறுவதற்கும் இதே வினை உண்டு: 'கருவுயிர்த்தாள்', 'பொறையுயிர்த்தாள்' என்று பழைய நூல்கள் சொல்லும். பள்ளியில் முதல் வகுப்பிலேயே உயிரெழுத்து, மெய்யெழுத்து என்று படித்துவிடுவதால் அதில் இருக்கும் அழகு நமக்குப் பழகிப்போய்விட்டது. உடம்பில் மூச்சு சேர்ந்தால் உயிர்மெய். நம் இலக்கணக்காரர்கள் எழுத்துக்குக்கூட இந்தக் காட்சியைத்தான் எடுத்தார்கள். ஆகவே 'உயிர்த்தெழுந்தார்' என்பதில் இரண்டு செயல்கள் அடுத்தடுத்து நடக்கின்றன. முதலில் மூச்சு வருகிறது, பிறகு எழுதல்.

லத்தீனில் 'அனிமா' என்றால் மூச்சும் உயிரும். அதிலிருந்து வந்த 'ரியானிமாத்ஸியா' என்ற சொல் இன்று ரஷ்ய மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவின் பெயர். 1936இல் மாஸ்கோவில் விளாதிமிர் நெகோவ்ஸ்கி இதற்கென்றே ஓர் ஆய்வகம் தொடங்கி, உயிர்ப்பிக்கும் மருத்துவத்தைத் தனித் துறையாக வளர்த்தார். ஆன்மாவை மறுபடி உள்ளே வைப்பது என்று பொருள்படும் ஒரு பழைய சொல், கடவுள் மறுப்பை அரசுக் கொள்கையாக வைத்திருந்த நாட்டின் மருத்துவமனைக் கதவுகளில் ஏறியிருக்கிறது. சொல்லுக்குள் இருக்கும் பழைய காட்சி, பேசுபவர்களின் கொள்கை மாறினாலும் அப்படியே தங்கிவிடுகிறது.

எபிரேய வேதத்தில் எசேக்கியேல் தீர்க்கதரிசி உலர்ந்த எலும்புகள் கிடக்கும் பள்ளத்தாக்கைக் காணும் காட்சி இருக்கிறது. எலும்புகள் ஒன்றோடொன்று சேர்கின்றன. நரம்பும் சதையும் தோலும் மூடுகின்றன. அப்போதும் உயிர் இல்லை. நான்கு திசையிலிருந்தும் 'ரூவஹ்' வந்து புகுந்த பிறகுதான் அவை உயிர்பெற்றுக் காலூன்றி நிற்கின்றன. ரூவஹ் என்பதற்குக் காற்று, மூச்சு, ஆவி என்று மூன்று பொருளும் உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் அந்த இடத்தில் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். எதைத் தேர்ந்தாலும் மற்ற இரண்டும் போய்விடும்.

நியூசிலாந்தின் மாவோரிகளுக்கு மூச்சு தும்மலாக வருகிறது. தானே என்ற தெய்வம் குராவாக்கா என்னும் இடத்து மண்ணைப் பிசைந்து ஹினேஅஹுஓனே என்ற முதல் பெண்ணை உருவாக்கி, மூக்கில் மூச்சை ஊதியபோது அவள் தும்மினாள் என்பது அவர்கள் கதை. இன்றும் கூட்டங்களில் பேச எழுபவர் 'திஹேய் மௌரி ஓரா' என்று முழங்கித் தொடங்குவார். தும்மல், உயிர்ப்பின் தும்மல் என்பது அதன் பொருள். அது படைப்பின் கதைதான், மீண்டு வந்த கதை இல்லை. ஆனால் 'ஓரா' என்ற அந்தச் சொல்லுக்குக் கட்டுரையின் பிற்பகுதியில் திரும்பி வரவேண்டியிருக்கும்.

நிமிர்ந்து நிற்றல்

கிரேக்கர்கள் வேறு வழியில் போனார்கள். 'அனஸ்தாஸிஸ்' என்றால் மேலே எழுந்து நிற்றல். 'அன' என்பது மேல்நோக்கி, 'ஸ்தாஸிஸ்' என்பது நிற்றல். அந்த 'ஸ்தா'வும் வடமொழியின் 'ஸ்தா'வும் ஒரே வேரிலிருந்து வந்தவை. திருமால் துயிலெழும் நாளை 'உத்தான ஏகாதசி' என்கிறோமே, அந்த 'உத்தானம்' கிட்டத்தட்ட அதே கட்டுமானம்தான். கிடப்பது சாவு, நிற்பது வாழ்வு. சொல்லுக்குள் மூச்சைப் பற்றிப் பேச்சே இல்லை.

கிறிஸ்தவத்தைப் பரப்பிய திருத்தூதர் பவுல் ஏதென்ஸுக்குப் போய் இயேசுவையும் அனஸ்தாஸிஸையும் பற்றிப் பேசியபோது, 'இவர் ஏதோ அந்நிய தெய்வங்களை அறிவிக்கிறார்போலும்' என்று கேட்டவர்களில் சிலர் சொன்னதாக பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. தெய்வம் என்று ஒருமையில் சொல்லாமல் ஏன் தெய்வங்கள் என்று பன்மையில் சொன்னார்கள்? நான்காம் நூற்றாண்டில் பிறந்த கிறிஸ்தவ ஆயர் யோவான் கிறிசோஸ்தோம் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். அனஸ்தாஸிஸ் என்பதை ஒரு பெண்தெய்வத்தின் பெயராக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்கிறார். எழுந்து நிற்றல் என்ற அன்றாடச் சொல்லுக்கு ஒரு புதுப் பொருளை ஏற்றும்போது முதல் தலைமுறையின் காதில் அது எப்படி விழும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அரபி மொழியும் நிற்பதையே பிடித்துக்கொண்டது. 'கியாமா' என்றால் நிற்றல். தமிழ் முஸ்லிம் வீடுகளில் 'கியாமத் நாள்' என்று சொல்வது இதைத்தான். தொழுகையில் நிற்கும் நிலைக்குக் 'கியாம்' என்று பெயர். எல்லோரும் எழுந்து நிற்கப்போகும் நாளின் பெயர், ஒவ்வொரு நாளும் தொழுகையில் நிற்கும் நிலையோடு ஒரே வேரில் இருக்கிறது. எருசலேமில் இயேசுவின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் தேவாலயத்தை மேற்கத்தியக் கிறிஸ்தவர்கள் 'புனிதக் கல்லறை ஆலயம்' என்கிறார்கள். அதே கட்டடத்தைக் கிரேக்கர்கள் அனஸ்தாஸிஸ் ஆலயம் என்றும், அரபி பேசும் கிறிஸ்தவர்கள் கியாமா ஆலயம் என்றும் அழைக்கிறார்கள். ஒரு பெயர் புதைத்த இடத்தைச் சொல்கிறது, மற்ற இரண்டும் அங்கிருந்து எழுந்ததைச் சொல்கின்றன.

அரபியில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. மருத்துவமனைகளில் உயிர்ப்பிக்கும் சிகிச்சைக்கு 'இன்ஆஷ்' என்பார்கள். அதே வேரிலிருந்து வரும் 'முன்இஷ்' என்றால் புத்துணர்ச்சி தருவது, குளிர்பானத்துக்குச் சொல்வார்கள். அதே வேரிலிருந்து வரும் 'நஅஷ்' என்றால் பிணத்தைச் சுமக்கும் கட்டில். அரபி அகராதிக்காரர்கள் இதற்குக் காரணம் சொல்கிறார்கள்: அந்த வேரின் பொருள் தூக்குதல். பாடையைத் தோளில் தூக்குகிறோம், விழுந்தவரை எழுப்பித் தூக்குகிறோம். நாம் சப்தரிஷி மண்டலம் என்று பார்க்கும் நட்சத்திரக் கூட்டத்துக்கு அரபியில் 'பாடையின் பெண்மக்கள்' என்று பெயர். உயிர் தரும் சொல்லும் சவம் சுமக்கும் சொல்லும் ஒரே வீட்டில் இருக்கின்றன.

போலந்து மொழி இதையெல்லாம் ஒளிக்காமல் ஒரே சொல்லில் கொட்டிவிடும். அங்கே உயிர்த்தெழுதலுக்கான சொல்லைப் பிரித்தால் 'செத்தவர்களிடமிருந்து எழுந்து நிற்றல்' என்று வரும்.

ரஷ்ய மொழியில் ஞாயிற்றுக்கிழமைக்கும் உயிர்த்தெழுதலுக்கும் எழுத்தில் ஒரே ஒரு எழுத்துதான் வேறுபாடு. வாரம்தோறும் வரும் நாளுக்கு 'வஸ்க்ரிஸேன்யே', உயிர்த்தெழுதலுக்கு 'வஸ்க்ரிஸேனியே'. ஞாயிறுக்குப் பழைய பெயர் 'நெதேல்யா', வேலை செய்யாத நாள் என்று பொருள். அந்தச் சொல் பிறகு வாரம் என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. உயிர்த்தெழுதலைச் சொல்லும் வினையின் அடியை, கல்லில் தட்டி நெருப்பு எழுப்பும் பழைய ஸ்லாவிய வினையோடு சொல்லாய்வாளர்கள் பலர் இணைக்கிறார்கள். அப்படியானால் அங்கே உயிர் என்பது தீப்பொறி.

ஞாயிறு என்றதும் இலங்கைத் தமிழைச் சொல்லாமல் போகமுடியவில்லை. ஈஸ்டர் அங்கே 'உயிர்த்த ஞாயிறு'. 2019 ஏப்ரல் 21 அன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தபின் 'உயிர்த்த ஞாயிறு தாக்குதல்' என்பது செய்தித்தாள்களில் நிலைத்த தொடராகிவிட்டது. உயிர் வந்ததைக் கொண்டாடும் சொல்லும் உயிர்களைப் பறித்த செயலும் ஒரே தொடரில் பிணைந்து கிடக்கின்றன. படிக்கும் ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

விழிப்பும் இடமும்

'உறங்குவது போலும் சாக்காடு உறங்கி விழிப்பது போலும் பிறப்பு' என்ற குறளை எல்லோரும் அறிவோம். வள்ளுவர் விழிப்பைப் பிறப்புக்குத்தான் ஒப்பிடுகிறார். இறந்தவர் அதே உடலோடு திரும்புவதைப் பற்றி அவர் பேசவில்லை. கிரேக்கப் புதிய ஏற்பாடு விழிப்பை இறந்தவர் எழுவதற்கே பயன்படுத்துகிறது. அனஸ்தாஸிஸோடு கூடவே அங்கே 'எகெய்ரோ' என்ற வினையும் அடிக்கடி வரும். தூக்கத்திலிருந்து எழுப்புவதற்கான சாதாரண வினை அது. தமிழ்நாட்டில் சீர்திருத்தத் திருச்சபைகளின் சுவரொட்டிகளில் 'எழுப்புதல் கூட்டம்' என்று பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் அந்தக் கூட்டத்துக்கு 'மறுபடி வாழ்தல்' என்ற பொருளில் பெயர். தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதை அப்படியே பெயர்க்காமல் விழிப்பின் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நல்ல தேர்வு என்பேன். தூங்குபவரை எழுப்பத்தான் ஒருவர் வேண்டும்.

ஜப்பானிய மொழியில் உயிர் ஓர் இடம். 'யொமிகயேரு' என்றால் மீண்டும் உயிர்பெறுதல். 'யொமி' இறந்தோர் உலகம், 'கயேரு' திரும்புதல். யொமியிலிருந்து திரும்பி வருதல் என்றே இதற்குப் பரவலாக விளக்கம் சொல்கிறார்கள். 712ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட கொஜிகி என்ற ஜப்பானியத் தொன்மநூலில் இஸனாகி என்ற தெய்வம், இறந்துபோன மனைவி இஸனாமியைத் தேடி யொமிக்குப் போகிறார். பார்க்காதே என்று அவள் தடுத்தும் பார்த்துவிடுகிறார். அழுகிப் புழுத்த உடலைக் கண்டு ஓடிவந்து, வழியைப் பெரிய பாறையால் அடைத்துவிடுகிறார். போனவள் திரும்பவே இல்லை. ஆனாலும் மொழி, திரும்புவதற்கான ஒரு வினையை வைத்திருக்கிறது. மருத்துவச் சொல் வேறு: நின்ற இதயத்தை ஓட வைப்பதை 'ஷின்பாய் சொஸேய்' என்பார்கள். அது சீன எழுத்து வழியாக வந்தது. சீன எழுத்துகளில் இதே பொருளுக்குப் பழைய ஒரு வடிவம் உண்டு. அதைப் பிரித்தால் ஒரு பாதி 'மறுபடி', மறு பாதி 'உயிர்'.

தமிழிலும் உயிரை இடமாகப் பார்க்கும் பேச்சு ஏராளம். 'போயிட்டார்' என்கிறோம், 'உயிர் போச்சு' என்கிறோம், 'போன உயிர் திரும்பி வந்துச்சு' என்கிறோம். இந்தப் பேச்சின் மிக அழகான வடிவம் ஏழாம் நூற்றாண்டில் மயிலாப்பூரில் இருக்கிறது. சிவநேசர் என்ற வணிகரின் மகள் பூம்பாவை பாம்பு தீண்டி இறந்தாள். எலும்பும் சாம்பலும் குடத்தில் இருந்தன. திருஞானசம்பந்தர் அந்தக் குடத்தின் முன்னே நின்று ஒரு பதிகம் பாடினார், அவள் எழுந்து வந்தாள் என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. அந்தப் பதிகத்தை எடுத்துப் பாருங்கள். எலும்பே சேர் என்றோ மூச்சே வா என்றோ அதில் கட்டளை போடவில்லை. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று கபாலீச்சரத்தின் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, 'காணாதே போதியோ பூம்பாவாய்' என்று பத்துப் பாட்டிலும் கேட்கிறார். இதையெல்லாம் பார்க்காமலா போகிறாய்?

இந்தக் கேள்விக்குள் உயிர் என்பது ஊரோடு இருத்தல். சாவு என்பது விழாவைப் பார்க்காமல் கிளம்பிப் போவது. ஆகவே உயிர் தருவதற்கு அழைப்பே போதும். அந்தப் பெண்ணுக்கு அவள் ஊரின் ஓராண்டு நாட்காட்டியைச் சொன்னால் போதும். மற்ற மொழிகளின் சொற்களைத் தேடிப் படித்தபிறகு இந்தப் பதிகத்துக்குத் திரும்பினால் அதன் துணிச்சல் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

'மறுபடி' என்பதும் 'ஆக்கு' என்பதும்

இப்போது இரண்டாவது கேள்வி. ஐரோப்பிய மொழிகளில் பெரும்பாலும் முன்னொட்டு ஒன்று 'மறுபடி' என்று சொல்லிவிடும். லத்தீன் வழி மொழிகளில் 'ரி', ஜெர்மனில் 'வீடர்', ஐரிஷில் 'அஹ்', வடமொழியில் 'புனர்'. இத்தாலியர்கள் 19ஆம் நூற்றாண்டில் நாட்டை ஒன்றிணைத்த இயக்கத்தை 'ரிசோர்ஜிமெந்தோ' என்றார்கள், மறுபடி எழுதல். 'ரெனைசான்ஸ்' மறுபடி பிறத்தல். தமிழ் அதை 'மறுமலர்ச்சி' என்று எடுத்துக்கொண்டபோது பிறப்பு பூவாகிவிட்டது. இவையெல்லாம் எளிதாக விளங்குபவை, நீட்டத் தேவையில்லை.

இன்னொரு வகை மொழிகள் 'மறுபடி' என்று சொல்வதே இல்லை. 'உயிருள்ளதாக ஆக்கு' என்று மட்டும் சொல்கின்றன. இலக்கணத்தில் இதைப் பிறவினை என்போம். உயிர்ப்பது தன்வினை, உயிர்ப்பிப்பது பிறவினை. அரபியில் 'இஹ்யா' இப்படிப்பட்ட சொல். 'ஹயாத்' என்றால் உயிர், வாழ்நாள். நீண்ட ஹயாத்தைக் கேட்டுத் தமிழ் முஸ்லிம்கள் துஆ செய்வதைக் கேட்டிருப்பீர்கள். அதை ஆக்குவது இஹ்யா. இமாம் கஸ்ஸாலி தம் பெருநூலின் பெயரையே இந்தச் சொல்லில்தான் தொடங்கினார்.

இந்தச் சொல் மிக அழகாக வேலை செய்யும் இடம் இஸ்லாமியச் சட்டம். அங்கே 'இஹ்யா அல்மவாத்' என்று ஒரு தலைப்பே உண்டு: செத்த நிலத்தை உயிர்ப்பித்தல். 'மவாத்' என்பது, தமிழ் முஸ்லிம்கள் 'மௌத்தாகிவிட்டார்' என்று சொல்லும் அந்த மௌத்தின் வேர்தான். யாருக்கும் சொந்தமில்லாமல், யாரும் பயன்படுத்தாமல் கிடக்கும் தரிசு செத்த நிலம். அதை உயிர்ப்பித்தவருக்கே அது சொந்தம் என்பது நபிமொழி. எது உயிர்ப்பித்தல் என்பதைச் சட்ட அறிஞர்கள் நுணுக்கமாக வகுத்தார்கள். கிணறு தோண்டித் தண்ணீர் கொண்டுவருவது, மரம் நடுவது, உழுது விதைப்பது, வீடு கட்டுவது எல்லாம் கணக்கில் வரும். சுற்றிலும் கல் நட்டு எல்லை போட்டால் மட்டும் போதாது. அது மூன்று ஆண்டுகளுக்கு முன்னுரிமை தரும். அதற்குள் வேலை நடக்காவிட்டால் உரிமை போய்விடும். ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்றார் இமாம் அபூஹனீஃபா. வேண்டாம் என்றார் இமாம் ஷாஃபி.

இங்கே 'மறுபடி' என்ற பேச்சே இல்லாததைக் கவனியுங்கள். அந்த நிலம் முன்பு எப்போதாவது விளைந்ததா என்பது கேள்வியே இல்லை. தண்ணீர் வந்ததா, வேலை நடந்ததா என்பதே கேள்வி. 'மறுபடி' என்ற சொல் கடந்த காலத்தைத் திரும்பிப் பார்க்கும். 'ஆக்கு' என்ற சொல் கையில் மண்வெட்டியோடு நிற்கும் ஆளைப் பார்க்கும்.

மாவோரி மொழியும் இந்த வகைதான். 'ஃபாகா' என்பது ஆக்கும் முன்னொட்டு, 'ஓரா' என்பது உயிர். ஆனால் ஓராவுக்கு உயிர் என்று மட்டும் பொருள் இல்லை. நலம், பிழைத்தல், ஆபத்திலிருந்து தப்புதல் எல்லாம் அதில் அடங்கும். 'கியா ஓரா' என்று வணக்கம் சொன்னால் நலமாயிரு என்று பொருள். 'ஃபாகாஓரா' என்றால் காப்பாற்று, குணமாக்கு, உயிர்ப்பி.

இப்படி உயிரையும் தப்புதலையும் ஒன்றாகப் பிடிக்கும் சொல் நம்மிடமும் இருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம். 'உய்' என்ற வினை: வாழ், தப்பு, கடைத்தேறு. உயிர் என்ற சொல்லே இதோடு உறவுடையது என்று சொல்லாய்வாளர்கள் கருதுகிறார்கள். திருச்சியில் ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலின் பெயரில் இன்றும் அது இருக்கிறது. இராமாயணத்தில் அனுமன் கொண்டுவரும் மூலிகைகளை வால்மீகி நான்காகப் பிரிக்கிறார். இறந்தவரை உயிர்ப்பிக்கும் 'மிருதசஞ்சீவனி', தைத்த ஆயுதத்தை நீக்கும் 'விசல்யகரணி', உடலின் நிறத்தைத் திருப்பித் தருவது ஒன்று, முறிந்ததை ஒட்டவைக்கும் 'சந்தானி'. 'சஞ்சீவனி'யிலும் மறுபடி என்ற பொருள் இல்லை. 'சம்' என்ற முன்னொட்டுக்கு 'ஒன்றுசேர, முழுதாக' என்பது பொருள். கம்பர் முதல் மூலிகையை வடமொழிப் பெயரால் சொல்லாமல் 'மாண்டாரை உய்விக்கும் மருந்து' என்றார். 'உய்வித்தல்' மாவோரியின் ஃபாகாஓராவுக்கு எழுத்துக்கு எழுத்து ஈடான சொல். கடலில் பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும், எந்த உறவும் இல்லாத இரண்டு மொழிகள் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

யார் உயிர் தருகிறார்கள்?

இனி மூன்றாவது கேள்வி. இது மொழிகளின் உயிரைப் பற்றிப் பேசும்போதுதான் கூர்மையாகிறது.

எலியேசர் பென்-யெஹூதா 1881இல் பாலஸ்தீனத்துக்கு வந்து இறங்கினார். வீட்டில் எபிரேயம் மட்டுமே பேசுவது என்று அவரும் அவர் மனைவி தெவோராவும் முடிவெடுத்தார்கள். 1882இல் பிறந்த மகன் வேறு மொழி காதில் விழாமல் வளர்க்கப்பட்டான். அகராதி, செய்தித்தாள் போன்ற அன்றாடப் பொருள்களுக்கு அந்த மொழியில் சொல் இல்லை. பழைய வேர்களிலிருந்து உருவாக்கினார்கள். பிறகு ஆசிரியர்களும் பள்ளிகளும் அந்த வேலையைப் பெரிதாக்கின. 1922இல் எபிரேயம் பாலஸ்தீனத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றானது. அதே ஆண்டு பென்-யெஹூதா இறந்தார். அங்கே ஏடும் வழிபாடும் அறுபடாமல் இருந்தன. ஆக்குவதற்குக் கையில் பொருள் இருந்தது. 'தெஹியா' அந்த நிலைமைக்குப் பொருந்தும் சொல்.

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் பேசப்பட்ட கார்னிஷ் மொழியை இயல்பாகப் பேசிய கடைசி ஆள் என்று அடிக்கடி சொல்லப்படும் டாலி பென்ட்ரீத் 1777இல் இறந்தார். 1904இல் ஹென்றி ஜென்னர் அந்த மொழிக்கு ஒரு கையேடு வெளியிட்டார், ஆர்வலர்கள் படிக்கத் தொடங்கினார்கள். உயிர்த்தெழுதலுக்கான பழைய சொல்லையே அவர்கள் மொழி இயக்கத்துக்கும் வைத்தார்கள்: 'தசெர்கியன்ஸ்', மறுபடி எழுதல். யுனெஸ்கோ அதை அழிந்த மொழிகள் பட்டியலில் வைத்திருந்தது. பேசுகிறவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தபின் 2010இல் 'மிக மோசமாக அருகிவரும் மொழி' என்று மாற்றியது. மோசமான நிலை என்று குறிக்கப்பட்டதற்காக ஒரு மக்கள் கூட்டம் மகிழ்ந்த அரிய சந்தர்ப்பம் அது.

அமெரிக்காவின் மயாமியா மக்கள் 'அழிந்த மொழி' என்ற சொல்லையே ஏற்க மறுத்தார்கள். 1846இல் அவர்களில் பெரும்பகுதியினர் இந்தியானாவிலிருந்து வலுக்கட்டாயமாக மேற்கே அனுப்பப்பட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குள் மொழியைச் சரளமாகப் பேசுபவர் யாரும் இல்லாமல் போயிற்று. ஆனால் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு எழுதிவைத்த அகராதிகள் இருந்தன. 1990களில் டேரில் பால்ட்வின் அவற்றிலிருந்தும் மொழியியலாளர்களின் ஆய்விலிருந்தும் தானே கற்று, தன் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லிக்கொடுத்தார். மொழி சாகவில்லை, தூங்கியது என்பது அவர்கள் நிலைப்பாடு. தங்கள் இயக்கத்தை அவர்கள் 'மயாமியாகி ஈமம்விசிகி' என்கிறார்கள்: மயாமியர்கள் விழிக்கிறார்கள். இங்கே எழுவாய் மொழி இல்லை, மக்கள். தூங்கியவர்களும் விழிப்பவர்களும் அவர்களே. வெளியிலிருந்து ஒருவர் வந்து உயிர் கொடுத்தார் என்ற பேச்சுக்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை.

மாவோரிகள் ஆக்கும் சொல்லை எடுத்தார்கள். மொழி மீட்புக்கு அவர்கள் சொல்லும் 'ஃபாகாரௌஓரா'விலும் அதே ஓரா இருக்கிறது. பள்ளியில் தாய்மொழி பேசியதற்காக அடிவாங்கிய தலைமுறைகள் அவர்களுடையவை. 1972இல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு, பள்ளிகளில் மாவோரி கற்பிக்கவேண்டும் என்று நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள். 1982இல் 'கோஹங்கா ரேஓ' என்ற மழலையர் இல்லங்கள் தொடங்கின, மொழிக்கூடு என்று பொருள். மொழி தெரிந்த பாட்டிமாரும் தாத்தாமாரும் அங்கே குழந்தைகளோடு மாவோரியில் மட்டும் பேசினார்கள். 1987இல் அது நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்றாகச் சட்டத்தில் ஏறியது.

தமிழில் இதையெல்லாம் எழுதும்போது எந்தச் சொல்லைப் போடுவது? 'மறுமலர்ச்சி' என்று போட்டால் யாரும் எதுவும் செய்யாமல் பூ தானாக மலர்ந்ததுபோல் ஆகிவிடுகிறது. 'புத்துயிர் பெற்றது' என்றாலும் கொடுத்தவர் காணாமல் போகிறார். 'மீட்பு' என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. மீள்வது தன்வினை, மீட்பது பிறவினை. நோயிலிருந்து நாம் மீள்கிறோம். அடகு வைத்த நகையைப் பணம் கட்டி மீட்கிறோம். பகைவர் கவர்ந்து போன ஆநிரையைப் போரிட்டு மீட்பதற்குப் புறத்திணையில் கரந்தை என்று தனிப் பெயரே உண்டு. பொருள் வேறொருவர் கைக்குப் போயிருக்கிறது, அதைத் திரும்பக் கொண்டுவர ஒருவர் பாடுபடுகிறார் என்ற இரண்டு செய்திகளும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றன. அதனால் மாவோரியைப் பற்றி எழுதும்போது 'மொழி மீட்பு' என்று எழுதுகிறேன். எபிரேயத்துக்கு 'உயிர்ப்பித்தல்' என்றும், கார்னிஷுக்கு 'உயிர்த்தெழுதல்' என்றும் எழுதுகிறேன். மயாமியாவுக்கு அவர்கள் தாங்களே தேர்ந்துகொண்ட 'விழித்தல்' இருக்கிறது.